தெள்மின்கூடு தேறிய நாள்

சோதனை அறையில் பாட்டுக் கேட்க உட்கார்ந்திருந்த ஆறு பேரின் காதோரத்திலும் செவிமானி ஒட்டப்பட்டிருந்தது. பாட்டைக் கேட்டு ஒருவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதைச் செவிநரம்பிலிருந்தே அளந்துவிடும் கருவி. அது வந்தபின், 'எனக்கு நல்லாக் கேக்குதே' என்ற வாய்ப்பேச்சை ஓசூரில் யாரும் சட்டை செய்வதில்லை. முள் ஏறினால் பொருளுக்குச் சான்று. ஏறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

வான்மதி கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று ஆறு பேரின் அளவு முட்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பெருக்கிக்குப் போகும் மின்சாரத்தின் அழுக்கை வடிகட்டுவதற்காக அவள் செய்த பெட்டிதான் தெள்மின்கூடு. ஒன்பது வருட உழைப்பு. அவளை நம்பிப் பட்டறையில் பதினோரு பேர் இருந்தார்கள்.

அவள் பக்கத்தில் நின்ற அரசு ஆய்வாளர் இருதயராஜ் பெட்டியின் சுவிட்சைத் திருப்பினார். தடுப்புக்கு அப்பாலும் கேட்கும்படி 'டக்' என்று கனமாக ஒரு சத்தம். எல்லார் வீட்டிலும் இருக்கும் பழைய மின்கூட்டிலிருந்து அவளுடைய புதியதற்கு இணைப்பு மாறியது. அதே நாதஸ்வரம்தான். ஆறு முள்ளும் பதினான்கு புள்ளி ஏறின. வான்மதிக்கு அழுகையே வந்துவிட்டது.

இருதயராஜ் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "இன்னும் ரெண்டு தடவ பாத்துரலாம்மா" என்றார்.

பழைய மின்கூட்டுக்கே திருப்பி, முட்கள் இறங்கும்வரை காத்திருந்தார். இம்முறை சுவிட்சைத் தொடாமல், கணினி வழியாகச் சத்தமில்லாமல் மின்கூட்டை மாற்றினார். ஒரு முள்ளும் அசையவில்லை. அடுத்து, இணைப்பை மாற்றாமல் சுவிட்சை மட்டும் தட்டினார். டக். ஆறும் மறுபடி பதினான்கு புள்ளி ஏறின.

வான்மதி அந்தச் சுவிட்சையே பார்த்தாள். நாற்பது சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்து, சத்தம் கம்பீரமாக இருக்கிறதே என்று அதைப் பொறுக்கியவள் அவள்தான்.

"அப்ப நான் ஃபெயிலா சார்?"

"இல்லம்மா, பாஸ். முள்ளு ஏறுச்சில்ல, சட்டத்துக்கு அது போதும். ஆனா எதனால ஏறுச்சுன்னு பெட்டி மேல போடணும். கேட்டவங்களுக்கும் இப்பவே படிச்சுக் காட்டணும்."

"படிக்காதீங்க சார். தெரிஞ்சுட்டா அப்புறம் வேலை செய்யாது."

"எனக்குப் புரியுதும்மா. விதி அப்படி இருக்கு."

அவர் ஒலிவாங்கியைத் திறந்து படித்தார்: "இன்பம் கூடியது உண்மை. காரணம், சுவிட்சின் சத்தம். மின்கூடு காரணமல்ல."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதிப்படி கடைசியாக ஒருமுறை இருதயராஜ் சுவிட்சைத் தட்டினார். டக். முட்கள் ஏறவில்லை, இறங்கின. பழைய மின்கூட்டில் காட்டிய அளவுக்கு வந்தும் நிற்காமல் இன்னும் கீழே போயின. இப்போது அங்கே யாரும் பாட்டைக் கேட்கவில்லை. தாங்கள் கேட்பது நிஜந்தானா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாற்காலியில் இருந்த தையல்காரர் சின்னப்பன் செவிமானியைப் பிய்த்தெடுத்தார். தடுப்பைச் சுற்றி வந்து நேராக இருதயராஜ் முன் நின்றார். கோபத்தில் குரல் உடைந்தது.

"எங்க வீட்லயும் ஸ்பீக்கருக்கு ஒயரு, ஸ்டாண்டுன்னு பாத்துப் பாத்து வாங்கி வெச்சிருக்கேன் சார். நேத்து வரைக்கும் அது நல்லாத்தான் பாடுச்சு. இனிமே போய் உக்காந்தா எது பாட்டு, எது என் நெனப்புன்னு நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?"

இருதயராஜ் சான்றிதழில் முத்திரை குத்தி வான்மதியிடம் நீட்டினார். பிறகுதான் சின்னப்பனைப் பார்த்தார்.

"தெரியலைங்க. இந்த வேலைக்கு வந்து எட்டு வருஷமாச்சு. வந்த ஆறாம் மாசமே நான் பாட்டு கேக்கறத விட்டுட்டேன்."