உருட்டுங்கண்ணே

பின்சீட்டில் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். அவளும் பெல்ட் போட்டிருந்தாள். அப்படியும் டங், டங் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்திரிகை ஆபீஸ் கார் அது. பின்னால் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்தும். நிருபர் சார் காணாமல் போனதிலிருந்து ஆளே இல்லாமலும் கத்துகிறது. டிரைவர் முறையிட்டபோது மெக்கானிக் சிரித்தான். "வண்டிக்கும் உங்க வயசாச்சு. சும்மா சும்மா பொலம்பும்" என்றவன், நேற்றுத்தான் சீட்டுக்கடியில் கைவிட்டு ஒயரையே பிடுங்கிப் போட்டான்.

பிடுங்கிய பிறகும் டங், டங்.

சார் ஏறியதும் முன்சீட்டு முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். "உருட்டுங்கண்ணே." இறங்க வேண்டிய இடம் வந்தாலும் அதே இரண்டு தட்டுதான். கல்குவாரியில் பாறை சரிந்து செத்த கூலிக்காரர்களை அங்கேயே மூடிவிட்டார்கள் என்று எழுதியவர். மீதியை எழுதப் போன அன்று, குவாரிக்குத் திரும்பும் முக்கில் இறங்கிக்கொண்டார். இங்கேயே இருங்கள், வந்துவிடுகிறேன் என்றார். டிரைவர் விடிய விடிய இருந்தார். அதையே ஸ்டேஷனில் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். அவராகவே எங்காவது போயிருப்பார் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இன்று அந்த மீதியை எழுத இந்தப் பொண்ணு போகிறாள். டிரைவரின் மகளைவிடச் சின்னவள். வேண்டாம்மா என்று கிளம்பும்போதே சொல்லிப் பார்த்தார். "எல்லாரும் வேண்டாம்னா யாருண்ணே எழுதறது?" என்று கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையோர மரங்களெல்லாம் கல்தூசி படிந்து சாம்பல் பூத்து நின்றன. கண்ணாடியை ஏற்றியிருந்தும் தோண்டிப்போட்ட ஈரமண்ணின் வாடை எங்கிருந்தோ கசிந்து, பின்சீட்டிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, அவர் பிடரியில் மூச்சைப்போலப் படிந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

தூரத்தில் அந்த முக்கு தெரிந்தது.

பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம். கிளிக்.

மணி நின்றது.

நிறுத்தக் கூடாது. இவளைத் திருப்பிக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் விட்டுவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

சீட்டு முதுகில் ஒரு தட்டு.

இன்னொன்று.

கண்ணாடியில் பார்த்தார். பொண்ணின் இரண்டு கைகளும் மடியிலிருந்த பையின்மேல் கிடந்தன. கதவோரமாக ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். கண் மூடியிருந்தது.

"அதான் நிறுத்தச் சொல்றாருல்லண்ணே," என்றாள், தூக்கக் கலக்கத்தில்.

மிதித்த கால் ஆக்சிலேட்டரிலிருந்து நழுவியது. வண்டி தானாக வேகம் குறைந்தது.

அவளுக்குப் பக்கத்தில், காலிச் சீட்டின் குறுக்கே, பெல்ட் விறைத்து நின்றது. மெல்ல எழும்பியது. தாழ்ந்தது.

எழும்பியது.