நூல் நிலையம், பாகம் ஐந்து

சகாய பிரியாவின் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது.

தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கண் திறந்துதான் இருக்கும். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் கிடையாது, ஒரு பல்லிகூடக் கிடையாது. ஆனாலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா பெயர் இருதயநாதன். திண்டிவனத்தில் கொத்தனார். வானூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"வாக்கரப் பிடிச்சிக்கினு தினமும் நடக்கணும். படுத்தே கெடந்தீங்கன்னா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா நடக்கவில்லை. வாக்கர் மூலையில் நின்றது. முதல் வாரம் அதைத் தினமும் துடைத்து வைத்தார்கள். இரண்டாவது வாரம் அதில் ஒரு துண்டு காய்ந்தது. இப்போது வீட்டின் ஈரத்துணி எல்லாம் அதன் மேல்தான்.

"இன்னாங்க, ரெண்டே ரெண்டு அடி வெச்சிப் பாருங்களேன்" என்று அம்மா லூர்து மேரி கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். காலையில் மல்லாட்டை மண்டிக்குக் கடலை உடைக்கும் வேலைக்குப் போவாள், மாலையில் வந்து சோறாக்குவாள். அப்பா நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிரியாவுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதுகூட அவளுக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வரும். இனிமேல் எப்போதும் இப்படித்தானா? அதை யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

முன்பெல்லாம் அப்பா இப்படியா இருந்தார்? பெரிய மீசையும் கட்டைக் குரலுமாக இருந்த அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. உல்லன் நூல் விற்கும் கடையைப் பற்றிய கதை என்றால் அவருக்கு உயிர்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். பழைய பேப்பர் கடையில் ஒருநாள் நான்கு புத்தகங்கள் அவருக்குக் கிடைத்தன. கதையின் பெயர் 'நூல் நிலையம்'. குன்னூரில் எஸ்தர் என்று ஒருத்தி உல்லன் நூல் கடை வைக்கிறாள். நூல் விற்கிற இடம்தானே என்று வாசலில் 'நூல் நிலையம்' என்று போர்டு மாட்டிவிடுகிறாள். போர்டைப் பார்த்து ஊரே புத்தகம் கேட்டு வருகிறது! வந்தவர்களை உட்காரவைத்து, இஞ்சி டீ கொடுத்து, ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்துவிடுகிறாள் எஸ்தர்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் கதையாப்பா?" என்று பிரியா கிண்டல் செய்வாள்.

"உனக்கின்னா தெரியும் பாப்பா? இதுல யாரும் சாவ மாட்டாங்க. யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க. சண்ட போட்டவங்க எதிரெதிரா ஒக்காந்து பின்னிக்கினே ராசியாயிடுவாங்க. நாலு பக்கம் படிச்சா ஒடம்பு வலியே போயிடும்" என்பார் அப்பா.

வேலை செய்யும் இடத்தில் சாப்பாட்டு நேரத்திலும் படிப்பார். "மேஸ்திரி பூச்சுக் கரண்டியப் போட்டுட்டு ஊசியத் தூக்கப் போறாரு" என்று கூட வேலை செய்யும் தென்னரசு கேலி செய்வான். அப்பா கண்டுகொள்ளவே மாட்டார்.

நான்காம் பாகத்தின் கடைசியில் மழையில் மண் சரிந்து எஸ்தரின் கடையை மூடிவிடுகிறது. அதை முடித்த மறுநாள்தான் அப்பா விழுந்தார். ஐந்தாம் பாகம் கிடைக்கவே இல்லை.

ஐந்தாம் பாகம் கிடைத்தால் அப்பா ஒருவேளை இந்தப் பக்கம் திரும்புவாரோ?

பிரியா நான்கு புத்தகங்களையும் எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை இருந்தது: 'அம்சவள்ளி வாடகை நூல் நிலையம், விழுப்புரம்.'

சனிக்கிழமை அப்பாவுக்கு மாத்திரை வாங்க அம்மா விழுப்புரம் கிளம்பியபோது பிரியாவும் ஒட்டிக்கொண்டாள். மாத்திரை வாங்கியதும் அம்மாவை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். முன்பக்கம் ஜெராக்ஸ் மிஷின், பின்பக்கம் புத்தக அலமாரிகள். அம்சவள்ளி மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நூல் நிலையம் இருக்குதா?"

"இதான்மா நூல் நிலையம். அதுக்குள்ளதான் நின்னுக்கினு இருக்க."

"அது இல்ல ஆன்ட்டி. புக்கு பேரே நூல் நிலையம். அஞ்சாம் பாகம்."

அம்சவள்ளி உதட்டைப் பிதுக்கினாள். "அந்த மாதிரி பழைய கதை புக்கு எல்லாத்தையும் போன வருஷமே எடைக்குப் போட்டுட்டேன்மா. ஒண்ணுகூட இல்ல."

அம்மா பிரியாவின் தோளைத் தொட்டாள். "வாடி, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவ்வளவுதான். முடிந்தது. பிரியாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

மேல் பலகையில் பழுப்பு அட்டை போட்ட ரிஜிஸ்டர்கள் வரிசையாக இருந்தன. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று எழுதுகிற ரிஜிஸ்டர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் மையால் எழுதியிருந்தது: நூல் நிலையம் 1, நூல் நிலையம் 2, 3, 4, 5, 5, 6.

பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆன்ட்டி! அஞ்சு மட்டும் ஏன் ரெண்டு இருக்குது?"

அம்சவள்ளி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். ஸ்டூல் போட்டு ஏறினாள். முதல் ஐந்தைத் திறந்தாள், ரிஜிஸ்டர். இரண்டாவது ஐந்தைத் திறந்தாள். "எஸ்தர் மண்வெட்டியை எடுத்தாள்" என்று இருந்தது.

"அடக் கடவுளே! இத ரிஜிஸ்டர்னு நெனச்சி இத்தன வருஷமா தூசி தட்டிக்கினு இருக்கேனே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. "எடுத்துக்கினு போ கண்ணு. படிச்சிட்டு மெதுவா குடு."

பஸ்ஸில் பிரியா புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. அப்பாவோடு சேர்ந்துதான் படிக்க வேண்டும்.

ஆனால் நடந்தது வேறு. புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டியும் அப்பா கை நீட்டவில்லை. "வெச்சிட்டுப் போ பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

பிரியா போகவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் படித்தாள், திங்களும் செவ்வாயும் பள்ளி விட்டு வந்ததும் படித்தாள். எஸ்தர் மண்ணை அள்ளினாள். நனைந்த நூல் உருண்டைகளைக் காயவைத்தாள். அப்பாவின் முதுகு அசையவே இல்லை. சுவருக்குப் படித்துக் காட்டுகிறோமோ என்று பிரியாவுக்கே தோன்றியது.

புதன்கிழமை கடைசி அத்தியாயம். எஸ்தர் பாதி பின்னிய ஸ்வெட்டரைக் கையில் எடுக்கிறாள். பிரியா பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கம் இல்லை. மீதி எல்லாவற்றையும் கரையான் தின்றிருந்தது. விரல் பட்டதும் தூளாகக் கொட்டியது.

பிரியாவுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. இவ்வளவு தேடி, கடைசியில் இதுவும் இப்படியா? அவள் மனத்தில் இருந்ததையே படிப்பதுபோலச் சொன்னாள்.

"எஸ்தர் ஸ்வெட்டரைப் பிரித்துப் போட்டாள். இனிமேல் முடியாது என்றாள். கடையைப் பூட்டினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முற்றும்."

"இன்னா முற்றும்?"

பிரியா தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள். அப்பாவின் முகம் இந்தப் பக்கம் இருந்தது! மீசை துடித்தது.

"எவன் எழுதுனான் அப்பிடி? எஸ்தராவது கடைய மூடுறதாவது! பின்னல்ல ஒரு கண்ணி விட்டுப்போனாலே எத்தினி வரிசை கீழ போயி ஊசியால எடுத்து மேல கோத்துக்கினு வருவா. அவ போயி படுத்துப்பாளா?"

"அப்ப நீ மட்டும் ஏம்ப்பா படுத்தே கெடக்குற?"

யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை அது. தானாக வாயில் வந்துவிட்டது. கேட்ட பிறகு பிரியாவுக்குப் பயமாக இருந்தது.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு அவள் மடியில் கொட்டிக்கிடந்த காகிதத் தூளைப் பார்த்தார்.

"கடைசிப் பக்கமே இல்லையா?"

பிரியா இல்லை என்று தலையாட்டினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அப்பா கையை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்தார். முப்பத்தெட்டு நாளும் அதற்கு மேல் நான்கு நாளும் கழித்து அந்தக் கை நீண்டது.

"அந்த வாக்கர் மேல இன்னா அது, பாவாடையா?"

"ஆமாம்பா. ஈரம் காயல."

"எடு அத."

பிரியா பாவாடை, துண்டு, அம்மாவின் புடவை எல்லாவற்றையும் இரண்டு கையாலும் உருவிக் கீழே போட்டாள். வாக்கரை இழுத்துவந்து கட்டில் ஓரம் நிறுத்தினாள். அப்பா எழுந்து உட்காரவே வெகுநேரம் ஆயிற்று. நெற்றியெல்லாம் வியர்த்தது. இரண்டு முறை "அய்யோ" என்றார், ஒரு முறை "மாதாவே" என்றார். ஆனால் படுக்கவில்லை.

அம்மா மண்டியிலிருந்து வந்தபோது வாசலிலேயே அவள் காலில் ஈரப்புடவை தடுக்கியது.

"தொவச்ச துணிய எவடி கீழ போட்டது?" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டின் நடுவில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

"எஸ்தரு கடைய தொறந்துட்டாங்கம்மா" என்றாள் பிரியா.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் துவைத்த துணியெல்லாம் மறுபடி அழுக்கானதற்கு அன்று பிரியாவை யாரும் திட்டவில்லை.