மேடு ஏற மறுத்த ரயில்

பொங்கல் லீவு முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று, டீ இடைவேளையில், தரப் பரிசோதனைப் பிரிவுக்குள் கண்ணப்பன் புயல் மாதிரி நுழைந்தார். கிரைண்டிங் ஷாப்பில் தலை நரைத்த ஆபரேட்டர் அவர். வந்த வேகத்தில், அங்கே உதவியாளனாக இருக்கும் பகலவனின் டீயைத் தட்டிக் கவிழ்த்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எழிலு, நீதாம்மா நாயம் கேக்கணும். என் ரயிலைக் கெடுத்துட்டான் அந்தச் சக்திகுமாரு!"

பகலவனும் டீயை மறந்துவிட்டான். அந்த ஒரகடம் தொழிற்சாலையின் கேன்டீனில் டிபன் பாக்ஸ் காணாமல் போனாலும் சரி, லாக்கர் தானாகத் திறந்துகொண்டாலும் சரி, அந்தப் பிரிவின் பரிசோதகர் எழிலரசி துப்பறியக் கிளம்பினால் பின்னாலேயே ஓடுகிறவன் அவன். இன்றுவரை உருப்படியாக ஒரு வில்லன்கூட அகப்படவில்லையே என்பதுதான் அவனுடைய தீராத மனக்குறை.

"உக்காருங்கண்ணே. முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் எழிலரசி. பூகம்பமே வந்தாலும் அவள் குரல் ஒரு படி ஏறாது.

கண்ணப்பனும் பெயிண்ட் ஷாப் சக்திகுமாரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, பல வருடமாகச் சேர்ந்து கட்டிய மாடல் ரயில் அது. பிளைவுட் மேசை, தெர்மாகோல் மலை, குகை, தீப்பெட்டி அளவு ஸ்டேஷன். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்தைச் சக்கரம் வழியாக வாங்கிக்கொண்டு எஞ்சின் ஓடும். வரும் ஞாயிறன்று தொழிலாளர் குடும்பங்களுக்கெல்லாம் அதை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. முதலில் ஓடப்போவது கண்ணப்பனின் கறுப்பு நீராவி எஞ்சினா, சக்திகுமாரின் நீல டீசல் எஞ்சினா என்று போகிக்கு முந்தின நாள் இருவருக்கும் பெரிய சண்டை. சக்திகுமார் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனான். கண்ணப்பன் அறையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்து ஓட்டினால், ரயில் மலை ஏற மாட்டேன் என்கிறது.

"இருக்குறதே ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. வேற யாரு செஞ்சிருப்பா? ஞாயித்துக்கெழமை எல்லார் முன்னாடியும் சொல்லி அவனை வெளியத் தள்ளப்போறேன். அதோட அவன் யாரோ, நான் யாரோ!"

கோபத்தைவிட அழுகைதான் அந்தக் குரலில் அதிகம் என்று பகலவனுக்கே புரிந்தது.

ஷிப்ட் முடிந்ததும் மூவரும் மாடி அறையில் இருந்தார்கள். கண்ணப்பன் ஸ்விட்சைத் திருப்பினார். கறுப்பு எஞ்சின் சமதரையில் விக்கி விக்கி நகர்ந்தது. மேட்டுக்கு வந்ததும் சக்கரம் மட்டும் சுற்றியது, வண்டி அங்கேயே நின்றது.

எழிலரசி தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நீட்டினாள். மஞ்சள் மினுமினுப்பு.

"எண்ணெய்!" என்று பகலவன் துள்ளினான். "சதிதான் மேடம்!"

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். ரயிலே போகாத ஓரத் தண்டவாளத்திலும் எண்ணெய் இருந்தது. குகைக்குள் ஒரு குச்சியில் துணி சுற்றி விட்டுப் பார்த்தாள். துணி அப்படியே உலர்ந்து வந்தது. பிறகு மூலையில் வேலை மேசைமேல் முடுக்கியிருந்த, சாமானை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸைத் தொட்டாள். அதிலும் அதே மினுமினுப்பு. பக்கத்தில் ஒரு டப்பா, அதற்குள் எண்ணெயில் ஊறிய துணி.

"பகலவா, ரயிலைக் கெடுக்க வந்தவன் வைஸுக்கு ஏன் எண்ணெய் போடணும்?"

"கையைத் துடைச்சிருப்பான் மேடம்."

"துடைச்சா திட்டுத்திட்டா இருக்கும். இது ஒரே சீரா கீது. சக்திகுமாருக்கு போன் போடு."

சக்திகுமார் உர்ரென்று வந்து வாசலிலேயே நின்றான். எண்ணெய் காணாத தலைமுடி தேங்காய் நாராகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

"எண்ணெயா? நான் பெயிண்ட் ஷாப்ல கீறவன் மேடம். கையில துளி எண்ணெய் இருந்தாக்கூட பெயிண்ட் நிக்காம குழி குழியாப் பூடும். அதுக்குப் பயந்து தலைக்கே வைக்கிறதில்ல. நான் போய் இதுல எண்ணெயைத் தடவுவனா?"

"நல்லா நடிக்கிறாம்மா!" என்று சீறினார் கண்ணப்பன்.

"இருங்கண்ணே" என்றாள் எழிலரசி. "அன்னிக்கு நீங்க ரூமை எப்படி மூடினீங்க? பேசாம அப்படியே செஞ்சு காட்டுங்க."

"அதுல இன்னாம்மா கீது? எப்பவும்போலதான்." கண்ணப்பன் மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஸ்டேஷன்மேல் துணி போர்த்தினார். ஜன்னலைச் சாத்தினார். டப்பாவைத் திறந்து, துணியை எடுத்து, வைஸைச் சுற்றித் துடைத்தார். சக்திகுமாரை முறைத்துக்கொண்டே மேசைப் பக்கம் திரும்பினார். துணி பிடித்த கை தண்டவாளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி, குகை வாயில் முட்டி நின்றது.

அவர் தன் கையையே பார்த்தார்.

"நீள லீவு விட்டா கிரைண்டிங் ஷாப்ல கடைசி வேலை இன்னாண்ணே?" என்று எழிலரசி மெல்லக் கேட்டாள்.

"மெஷினுக்கு... துருப் பிடிக்காம எண்ணெய் போடுறது" என்றார் அவர்.

"வெறும் உலோகமா தெரியிற எல்லாத்துக்கும். கெடுக்க வந்தவனா இருந்தா மேட்டுல மட்டும் நாலு சொட்டு விட்டுட்டுப் போயிருப்பான். இது காப்பாத்த நெனச்ச கை. வைஸையும் விடல, ஓடாத லைனையும் விடல. குகைக்குள்ள கை போகல, அதனால அங்க மட்டும் இல்ல. சக்தி பழகுன வேலை எண்ணெயை எடுக்குற வேலை, போடுற வேலை இல்ல. அன்னிக்கு உங்க மனசு பூரா சண்டையில இருந்துச்சு. கை தன் பாட்டுக்கு வேலையை முடிச்சிருக்கு."

"இந்தத் தண்டவாளம் துருவே பிடிக்காதேம்மா! தேடி வாங்கியாந்தவனே நான்தானே!" என்று கண்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்போ வில்லனே இல்லையா மேடம்?" என்றான் பகலவன் பரிதாபமாக. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

சக்திகுமார் தன் பையிலிருந்து, வேலையில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஸ்பிரிட் பாட்டிலையும் வெள்ளைத் துணியையும் எடுத்தான். தண்டவாளம் முழுக்கத் துடைத்தான். பிறகு எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரங்களைத் துடைத்தான். கண்ணப்பன் அவன் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

"சக்தி, உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேனே. ஞாயித்துக்கெழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்குறேன்டா. உன் நீல வண்டியே முதல்ல ஓடட்டும்."

கண்ணப்பன் அந்த நீல எஞ்சினை எடுக்கப் போனார்.

"அதத் தொடாத!"

கண்ணப்பன் அடிபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். சக்திகுமார் துணியில் ஸ்பிரிட்டை ஊற்றினான். அந்தக் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண்வரை, எண்ணெய் போகத் துடைத்தான்.

"இப்ப நீயே எடுத்து வைண்ணே" என்றான்.