கணப்பருகே ஒரு பச்சைக் கதிரை

ஒஸ்லோவில் டிசம்பர் மாதம் பின்னேரம் நான்கு மணிக்கே கும்மிருட்டு. அந்த இருட்டிலிருந்து பழைய ஹோட்டலின் பாருக்குள் நுழைந்ததும், அப்பாமேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. மஞ்சள் விளக்குகள், கால் புதையும் கம்பளம், மூலையில் மெல்ல எரியும் கணப்பு. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று யாரும் யாரையும் கிண்டாத இடம். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் அப்பா ஏன் இங்கே வந்தார் என்பது வாசலிலேயே விளங்கிவிட்டது. எனக்கே திரும்பிப் போக மனமில்லை.

ஆனால் நானும் அக்கா துஷ்யாவும் களைப்பாறப் போகவில்லை. செத்துப்போன அப்பாவுக்குப் படைக்கப் போனோம்.

முப்பத்தோராம் நாள், நகரின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டில், அம்மா அவருக்குப் பிடித்த எல்லாவற்றையும் சமைத்துப் படைத்தார். விஸ்கியை மட்டும் விட்டுவிட்டார்.

"உயிரோடை இருக்கேக்கை என்னை விட்டிட்டு அதோடைதானே போய் இருந்தவர். செத்தாப் பிறகும் நான் ஊத்திக் குடுக்கோணுமோ?"

அம்மா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அப்பா அம்மாவின் கனவில் வந்து கட்டிலருகே நின்றார். பேசவில்லை. வெறும் கிளாசை நீட்டினார், அவ்வளவுதான். அம்மாவுக்கு நித்திரை போய் உடம்பு பாதியாகிவிட்டது. பேய், கனவு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவும் போய்விடுவாரோ என்ற பயம் நிறைய இருந்தது.

அப்பா எப்போதோ அக்காவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். இந்தக் கணப்பு, அதன் பக்கத்தில் ஆளில்லாத ஒரு பச்சைத் தோல் கதிரை. அதை வைத்தே அவருடைய இடத்தைக் கண்டுபிடித்தோம்.

அக்கா அந்தக் கதிரைக்கு முன்னால் விஸ்கியை வைத்தாள். கைப்பையிலிருந்து ஓர் உளுந்துவடையையும் எடுத்து வைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று நான் கூச்சத்தில் நெளிந்தேன்.

"களைச்சுப்போயிருப்பியள். வந்து குடியுங்கோ," என்று அவள் கதிரையிடம் முணுமுணுத்தாள்.

படைத்தால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடவேண்டும். வருகிறவர் ஆட்கள் பார்க்கச் சாப்பிடமாட்டார். பாருக்கு எந்தக் கதவைச் சாத்துவது? வரவேற்புக்கூடத்தில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தபோது கணப்பருகே ஈரக் கம்பளி மணத்தது. மழையில் நனைந்த பழைய கோட்டின் மணம்.

கிளாஸ் காலி.

வடை அப்படியே கிடந்தது.

கதிரையின் மெத்தை ஆள் இருந்த அளவுக்கு அமுங்கியிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலெழுந்தது.

"வந்தவரடா. எங்கடை அப்பா வந்தவர்!" அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கண்ணும் கலங்கியது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. அப்பா உளுந்துவடையை விட்டுவைக்கிற ஆள் இல்லை.

பாரில் பரிமாறும் எமிலியா கிளாசை எடுக்கக்கூட எங்கள் பக்கம் வரவில்லை. பார் மேசைக்குப் பின்னாலேயே நின்று, நொஸ்க்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் அங்கே வைத்தீர்கள்?"

"அது எங்கள் அப்பா குகநேசன் இருக்கும் கதிரை," என்றேன்.

"குகநேசனா? அவர் எப்போதும் இங்கே, எனக்கு முன்னால்தான் இருப்பார். அந்தக் கதிரையில் நாங்கள் யாரையும் இருத்துவதில்லை." குரலைத் தாழ்த்தினாள். "ஒருநாள் அவர் அதைப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

படம் எடுத்தவர் அந்தப் படத்தில் இருக்கும் கதிரையில் எப்படி இருந்திருப்பார்? இந்தச் சின்ன விஷயம் எங்கள் இரண்டு மண்டைக்கும் ஏறவில்லையே.

அக்கா பச்சைக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, நான் ஆரைக் கூப்பிட்டனான்?"

மறுநாள் காலை பதறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினோம். அம்மா குசினியில் பாட்டு முணுமுணுத்தபடி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"வடிவா நித்திரை கொண்டனான். அப்பா வந்தவர். இந்த முறை கதைச்சவர்."

"என்ன கேட்டவர்?" என்றாள் அக்கா.

"இன்னொண்டு தா எண்டு. ஆனா நொஸ்க்கிலை கேக்கிறார், பிள்ளை. என்னோடை ஒருநாளும் அந்த மனுசன் நொஸ்க் கதைச்சதில்லையே." அம்மா சிரித்தார். "இருட்டுக்குள்ளை முகம் தெரியேல்லை. பாவம், கோட்டெல்லாம் நனைஞ்சு வாசலிலை நிண்டவர். வெளியிலை நிக்காதேங்கோ, உள்ளை வாங்கோ, இனி இஞ்சையே இருங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

குசினி வாசலில் நின்று கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா தொலைக்காட்சி பார்க்கும் கதிரைக்கு முன்னால் ஒரு வெறும் கிளாஸ் இருந்தது. இடியப்ப ஆவியையும் மீறி ஈரக் கம்பளி மணத்தது.

கதிரையின் மெத்தை அமுங்கியிருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றேன். அது மேலெழவில்லை.