சூடேறினால் தட்டும் கார்

டொமினிக் வீட்டுப் படலையைத் திறந்து வந்த சாமித்தம்பிக்குத் தேற்றாத்தீவிலிருந்து வந்த களைப்பைவிட அவமானமே பெரிதாக இருந்தது. வாடகைக் கார் ஓடுகிறவன் பஸ்ஸில் வந்து இறங்குவதென்றால் சும்மாவா?

“கார் எஞ்சின் சத்தம் போடுது. நான் எண்ணெய் விடாம ஓடி பிஸ்டனத் தேய வெச்சிட்டனாம், ஐயா. ஞானமலரம்மா சாவிய வாங்கிட்டாங்க. ஊர் முழுக்கச் சொல்லியும் போட்டாங்க. இனி ஆரு என்ட கையில கார் தருவாங்க?”

டொமினிக் காப்புறுதிக் கம்பனிக்காக அடிபட்ட வாகனங்களைப் பார்வையிடுபவர். அவசரமே படாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவசரப்படுகிறவன் அவர் மனைவியின் தம்பி பிலிப்பு. யாரைக் கண்டாலும் சந்தேகப்படுவது அவன் பொழுதுபோக்கு. இப்போது சாமித்தம்பியைத்தான் மேலும் கீழும் பார்த்தான்.

“சத்தம் எப்ப கேக்கும்?” என்றார் டொமினிக்.

“விடிய ஸ்டார்ட் பண்ணக்குள்ள ஒண்ணுமில்ல. ஓடிச் சூடேறி, ஆக்கள் நிறைஞ்ச மறுகா மிதிச்சா ‘டக் டக்’ என்டு தட்டும்.”

மூவரும் குருக்கள்மடத்தில் கார் சொந்தக்காரியின் வீட்டுக்குப் போனார்கள். கணவனை இழந்த ஞானமலருக்கு அந்தக் கார்தான் சோறு போட்டது. சில நாளாக அங்கே தங்கியிருந்த அவள் தம்பி ஜெயராஜா வாசலிலேயே மறித்தான்.

“பாக்க என்ன இரிக்கி? எண்ணெய் காஞ்சு பிஸ்டன் போச்சு. வாழைச்சேனையில என்ட கூட்டாளி கழிச்ச இரும்பு விலைக்கு எடுப்பான். வித்துப்போடு என்டா அக்கா கேக்கிறா இல்ல.”

டொமினிக் எஞ்சினுக்குள் கம்பியை விட்டு எண்ணெய் பார்த்தார். அளவாக இருந்தது.

“பிடிபட்ட மறுகா விட்டிருப்பான்” என்றான் ஜெயராஜா. அதுவும் நியாயம்தான் என்று பிலிப்புவுக்குப் பட்டது.

ஜெயராஜா உள்ளே போன நேரம் பார்த்து, டொமினிக் பெற்றோல் தாங்கிக்குள் மெல்லிய குழாய் விட்டு எடுத்ததில் இரண்டு சொட்டைக் கடதாசியில் விட்டுப் பிலிப்புவிடம் கொடுத்தார். கடதாசி காயவே இல்லை. பிசுபிசுத்த வட்டம் அப்படியே கிடந்தது. பிலிப்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கியவன்போலத் தலையாட்டினான்.

பிறகு எல்லோரையும் விறாந்தையில் இருத்தினார் டொமினிக்.

“அம்மா, எண்ணெய்தான் பிழை. ஆரோ பிழையான எண்ணெய ஊத்தியிரிக்காங்க.”

ஜெயராஜா துள்ளி எழுந்தான். “தாங்கி மூடியத் திறக்கிறவன் சாமித்தம்பிதானே! அவனக் கேளுங்க!”

“தாங்கியா?” டொமினிக் குரலை உயர்த்தவில்லை. “இந்த வீட்டில இவ்வளவு நேரமும் எண்ணெய் என்டா எஞ்சின் எண்ணெய். நீங்களும் அதத்தான் சொன்னீங்க. அத ஆரு தம்பி தாங்கிக்குள்ள ஊத்துவாங்க?”

ஜெயராஜா எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தான்.

“பிஸ்டன் தேஞ்சா, எஞ்சின் குளிர்ந்து கிடக்கக்குள்ளதான் சத்தம் கூட. சூடேறினா பிஸ்டன் விரிஞ்சு சத்தம் குறையும். இந்தக் கார் தலைகீழாத் தட்டுது. பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய் கலந்தாத்தான் அப்பிடி. பிலிப்பு, கடதாசியக் காட்டு. பெற்றோல் என்டா எப்பவோ காஞ்சிருக்கும்.”

“சாமித்தம்பியே கலந்திருக்கலாமே, அத்தான்?” என்றான் பிலிப்பு, விட மனமில்லாமல்.

“கலந்து, தன்ட பேரையும் வேலையையும் கெடுக்கவா? கார் பழுதென்டு வாழைச்சேனைக்கு மலிவா வித்தா ஆருக்கு லாபம்?”

ஞானமலர் தம்பியை வெறித்துப் பார்த்தாள். “லாம்புக்கு வெச்ச மண்ணெண்ணெய்ப் போத்தலப் பூனை தட்டிப்போட்டுது என்டியேடா!”

ஜெயராஜா நிமிரவில்லை. பிலிப்புவுக்குச் சாமித்தம்பியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தாங்கியைக் கழுவிப் புதுப் பெற்றோல் ஊற்றியானதும் ஞானமலர் சாவியை நீட்டினாள். சாமித்தம்பி வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

“கார் திருந்திட்டுது அம்மா. என்ட பேரு?”

அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க சாமித்தம்பி. உங்களப் பத்தி நான் கதைச்ச வீடெல்லாத்திலயும் நிப்பாட்டுங்க. நானே இறங்கிச் சொல்றன்.”