மூணாவதுல கை வைக்காத

அன்பரசு மாமா பிக்கப் வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். ஆரோக்கியராஜுக்கு முதலில் உறுத்தியது அதுதான். டீசல் விஷயத்தில் மாமா, அவன் அக்காவின் வீட்டுக்காரர், மகா கஞ்சர். ரயில்வே கேட் மூடியிருந்தால் வரிசையில் முதலில் எஞ்சினை அணைக்கிற ஆள். அந்த மனிதர் வண்டியை ஓடவிட்டபடி, சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, இரண்டு நாள் தாடியோடு நின்று ஷெட்டை ஒரு சுற்று பார்த்தார்.

"வேற யாரும் இல்லையா மச்சான்?"

"ஞாயித்துக்கிழமை மாமா. பசங்களுக்கு லீவு."

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற சாலையில், வயலை ஒட்டித் தனியாக நிற்கிற தகரக் கொட்டகை அது. காலையில் பிடித்த மழை விடவில்லை. மின்சாரமும் போயிருந்தது. சாயங்காலம் ஆவதற்குள்ளேயே உள்ளே ஆள் முகம் மங்கிவிட்டது. தகரத்தின்மேல் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு நடுவிலும் எஞ்சினின் நொண்டல் அவனுக்குத் தனியாகக் கேட்டது. மூன்று அடி ஒழுங்காக விழுந்தது. நாலாவது விழவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். மறுபடி மூன்று, மறுபடி பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி முழுக்க ஒருமுறை குலுங்கி, பின் கதவுச் சங்கிலி கிலுங்கென்றது. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்து, மேலே ஏறாமல் தரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"மிஸ்ஸிங் பலமா இருக்கே. ஒரு சிலிண்டர் சுத்தமா செத்துடுச்சு மாமா."

"அது மூணாவது. அது கெடக்கட்டும். இப்ப ரெண்டாவதும் தட்ட ஆரம்பிச்சிடுச்சு, அத மட்டும் பாரு. வண்டி நின்னுடாம இருந்தா போதும்."

"மூணாவதுதான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா கேபினிலிருந்து காலி கேனை எடுத்தார். "டீசல் அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. பங்க்ல வண்டிய ஆஃப் பண்ணச் சொல்றானுங்க. உன் டூவீலரக் குடு, நான் போய் வாங்கியாறேன்." சாவியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். ஆரோக்கியராஜின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆஃப் பண்ணாத. மூணாவதுல கை வைக்காத. அக்காவ எறங்கச் சொல்லாத. சரியா?"

மழைக்குள் டூவீலர் மறைந்தது. ஆரோக்கியராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வலிக்கிற பல்லைத் தவிர மற்றதையெல்லாம் பாரு என்று வைத்தியரிடம் சொன்ன கதையாக இருக்கிறதே என்று முணுமுணுத்தபடி கேபின் ஜன்னலுக்குப் போனான்.

ஜெயராணி அக்கா சிரித்தாள். கடலூரில் பள்ளிக்கூட டீச்சர். அம்மா போனபிறகு இவனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வளர்த்தவள். இந்த உலகத்தில் இவனை அதட்டுவதற்கு மிச்சமிருக்கிற ஒரே ஆள். தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. முக்கால்வாசி கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குத் தலை எப்படி நனைந்தது என்று ஒரு கணம் தோன்றியது. மழைக்காலத்தில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா.

"உள்ள வாக்கா. டீ போடறேன்."

"கால் மரத்துப்போச்சுடா. உக்காந்துக்கறேன். நீ வேலயப் பாரு."

"மாமா ஏன் ஒரு மாதிரி இருக்காரு?"

"யாருக்குத் தெரியும். ராத்திரி பூரா வண்டிய ஓட்டிக்கிட்டே இருக்காரு, நிறுத்தவே மாட்டேங்கறாரு. நேத்து சேத்தியாத்தோப்பு வழியா வந்தோம். அப்பறம் நான் தூங்கிட்டேன் போல."

அவள் சொன்னதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பானெட்டைத் தூக்கினான். சூடான எண்ணெய் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. சேறு. அழுகின இலை. டார்ச்சை அடித்துப் பார்த்தால், ரேடியேட்டர் முழுக்க ஆகாயத்தாமரை வேர் கருப்பாகச் சுற்றிக்கிடந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தான். உள்ளே பாதிக்கு வண்டல்.

டீசல் எஞ்சினுக்குள் காற்று போகிற வழியில் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைப் பிரிக்காமல் எவனாலும் ஸ்டார்ட் செய்ய முடியாது. இந்த டப்பா வரைக்கும் சேறு ஏறிய வண்டி ஓடக்கூடாது. ஆனால் அது அவன் கண்முன்னே, மூன்று காலில், ஓடிக்கொண்டிருந்தது.

மனசு நிலைகொள்ளவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான். இது பழைய பம்ப் வண்டி. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே சீறும், அந்த சிலிண்டருக்குப் போகாது. சத்தம் இன்னும் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நல்லது. சத்தம் மாறவே இல்லையென்றால் செத்தது அதுதான்.

அக்கா உள்ளிருந்து பேச ஆரம்பித்தாள். தூக்கிய பானெட் மறைத்ததால் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. வேறென்ன, கல்யாணப் பேச்சுதான்.

"மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு இடம் வந்திருக்குடா. பொண்ணு பி.எட். முடிச்சிருக்கு."

"எனக்கு எதுக்குக்கா டீச்சரம்மா? வீட்டுக்கு ஒண்ணு போதாதா?"

"கொழுப்புடா உனக்கு."

முதல் நட்டைத் தளர்த்தினான். டீசல் விரல்மேல் சீறியது, எஞ்சின் தடுமாறியது. நல்லது. முறுக்கினான். இரண்டாவது. கொஞ்சமாகத் தடுமாறியது, மாமா சொன்னது சரிதான், அது பலவீனமாகத்தான் இருந்தது. நாலாவது நல்லது. அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பெண்ணின் அப்பாவுக்கு நெல்லிக்குப்பத்தில் வேலை, ஒரே அண்ணன், நல்ல குடும்பம்.

மூன்றாவது நட்டில் ஸ்பேனரை வைத்தான். கை வைக்காத என்றார் மாமா. பார்க்கிறதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

"பொண்ணு பேரு எழில..."

நட்டு தளர்ந்தது. டீசல் சீறியது. எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே மூன்று அடி, அதே பள்ளம். செத்த சிலிண்டர்தான். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அப்புறம்தான் காதில் உறைத்தது. அக்கா பேசவில்லை.

"அக்கா?"

மழை. சங்கிலி கிலுங்கல்.

"அக்கா, பேர முழுசாச் சொல்லு."

போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நட்டை முறுக்கினான்.

"...ரசி. கலரு மாநிறம்தான். ஆனா களையா இருக்குடா."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்பேனர் இன்னும் நட்டிலேயே இருந்தது. வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. அவன் கை அதற்குள் தளர்த்திவிட்டிருந்தது.

"போட்டோ அனுப்பியிருக்காங்க, நீ பா..."

அவ்வளவுதான். இந்த முறை அவன் முறுக்கவில்லை. டீசல் சீறுவதை அப்படியே விட்டுவிட்டுக் கேபின் பக்கம் நடந்தான். நான்கு எட்டுத் தூரம்தான். கால் தரையில் ஒட்டி ஒட்டி வந்தது.

அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் "பா" என்று சொல்லத் திறந்தபடி இருந்தது. போனைத் தூக்கிக் காட்ட வந்த கை பாதி வழியில் நின்றிருந்தது. கண் இமைக்கவில்லை. மார்பு ஏறி இறங்கவில்லை. அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கன்னத்தைத் தொட்டான். சில்லென்றிருந்தது. ஆற்று மணலைத் தோண்டினால் அடியில் இருக்குமே, அந்தச் சில்லிப்பு. திறந்த வாயின் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி மோவாயில் நின்றது.

அவன் ஓடினான். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி பிடித்தான். முறுக்கினான்.

பானெட் ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தான்.

"...ரு. என்னடா, எங்க ஓடற? பேயப் பாத்த மாதிரி முழிக்கிற?"

அவனுக்கு அழுகை வந்தது. "ஒண்ணுமில்லக்கா. பேசு. பேசிக்கிட்டே இரு." பானெட்டுக்கு அடியில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது சிலிண்டர் சாகவில்லை. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. எஞ்சினுக்கு இல்லை.

எஞ்சின் ஒருமுறை தாழ்ந்தது. சங்கிலி தடதடத்தது. அக்காவின் பேச்சு இழுத்தது. அவன் பாய்ந்து டீசல் பம்பின் ஆக்ஸிலேட்டர் லீவரை விரலால் தூக்கிப் பிடித்தான். எஞ்சின் மேலே வந்தது. அக்கா கடகடவென்று பேசினாள். விரலைத் தளர்த்தினால் தாழ்ந்தது. மறுபடி பிடித்தான். டீசல் தீர்ந்துகொண்டிருக்கிறது. அதில் அவன் வேறு, பார்க்கிறேன் பேர்வழி என்று, தரையில் கொட்டியிருக்கிறான். காலடியில் அது வானவில் நிறத்தில் பரவிக் கிடந்தது. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளக்கூட ஒரு கை ஒழியவில்லை.

டூவீலர் சத்தம் கேட்டது. மாமா கேனோடு ஓடிவந்தார். தரையைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தொட்டுட்டியா."

"எங்க மாமா விழுந்தீங்க?"

"வெள்ளாத்துல." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நேத்து பொழுது சாயற நேரம். கரை சரிஞ்சிடுச்சு. நான் எப்பிடியோ வெளிய வந்துட்டேன். டிராக்டர் கட்டி இழுத்தாங்க. அவள எடுக்கறப்ப ஒண்ணுமில்ல மச்சான். மூச்சு இல்ல, நாடி இல்ல. எல்லாரும் உசுரு போயிடுச்சுன்னுட்டாங்க. எனக்கு என்னா பண்றதுன்னு தெரியல. சீட்ல படுக்கவெச்சு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சாவியத் திருப்பினேன். தண்ணி குடிச்ச எஞ்சின் ஸ்டார்ட் ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆச்சு. அவ கண்ணத் தொறந்தா. ராத்திரி மிஸ்ஸிங் எதுலன்னு நானே நட்ட லூஸ் பண்ணிப் பாத்தேன். அப்பதான்..."

"ஊத்துங்க மாமா. முதல்ல ஊத்துங்க."

மாமா டேங்க் மூடியைத் திறக்கப் போராடினார். மூடி சேறு பிடித்து இறுகியிருந்தது. ஆரோக்கியராஜ் லீவரைத் தூக்கியபடியே நின்றான். எஞ்சின் தாழ்ந்தது. தூக்கினான். தாழ்ந்தது. இன்னும் தூக்கினான். மூடி கழன்றது. டீசல் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குள் டீசல் லைனில் காற்று ஏறிவிட்டது.

மூன்று அடி. பள்ளம். இரண்டு. பள்ளம். ஒன்று.

"நா சொல்றதக் கேளுடா, உனக்கு ஒரு நல்ல..."

நின்றது.

மழை மட்டும். அவன் ஹேண்ட் பம்பை அமுக்கினான். அமுக்கினான். ஒன்றாவது நட்டைத் தளர்த்திக் காற்றை விட்டான், நுரை போய் டீசல் வந்தது. இரண்டாவது. நாலாவது. மூன்றாவதைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. "செல்ஃப் அடிங்க!" மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி. ஒரு சுற்று. மறுபடி. டிக். டிக். பேட்டரி தீர்ந்துவிட்டது. மாமா சாவியை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயா" என்றார். "ஜெயா, இந்தா பாரு."

அப்போதுதான் அந்தத் தட்டல் கேட்டது.

சூடான இரும்பு ஆறும்போது அங்கங்கே டிக்கென்று சுருங்கும், அதை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். இது அது இல்லை. இது விட்டுவிட்டு வந்தது. நிறுத்திக் காதுகொடுத்துவிட்டு மறுபடி தட்டுவது போல. எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது.

உள்சத்தம் கேட்க மெக்கானிக்குகளுக்கு ஒரு வழி உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து அழுத்தினால், உள்ளே நடப்பது காதுக்குள்ளேயே நடப்பது போலக் கேட்கும். அவன் எடுத்தான். ஒன்றாவது சிலிண்டர்மேல் ஊன்றினான். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவது.

"...பொண்ணாப் பாத்து வெச்சிட்டா, எனக்கு நிம்மதிடா."

அக்காவின் குரல். தெளிவாக, காதுக்குள். ஒரு இடைவெளி. மூச்சு வாங்குகிற சத்தம்.

"தம்பி? ஏன்டா இருட்டாயிடுச்சு? மாமா எங்க?"

அவன் நிமிர்ந்து கேபினைப் பார்த்தான். மாமாவின் பிடிக்குள் அக்காவின் கை விறைத்திருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் இப்போது சொட்டாக இல்லை, தாரையாக வழிந்து மடியை நனைத்தது. குரல் அங்கிருந்து வரவில்லை.

"என்னா மச்சான்?" என்றார் மாமா. "என்னா கேக்குது?"

ஆரோக்கியராஜ் காதை மறுபடி பிடியில் வைத்தான்.

"உள்ள தண்ணி வருதுடா. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கதவு தொறக்க மாட்டேங்குது. தம்பி, வெளியதான இருக்க? தொறடா."

ஸ்பேனர் அவன் வலது கையில் இருந்தது. மூன்றாவது நட்டு அரை அடி தூரத்தில் இருந்தது. திறந்தால் அவள் வருவாளா, போய்விடுவாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் யாருமில்லை. தட்டல் வேகமானது.

"கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, தம்பி."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இரும்பின் உள்பக்கத்தை நகங்கள் பிறாண்டுகிற சத்தம் மட்டும், நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.