தேங்காய் எண்ணெய் ஊற்றிய பிரேக்

யான் என்ற ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்தது பகல் பதினொரு மணிக்கு. வீட்டோடுதான் வந்தோம். தோட்டத்து லோரியின் முதுகில் பலகை அடித்து, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, பாதியில் குடித்தனம், பாதியில் நெல்மூட்டை. ஜப்பான்காரனுக்கு நெல் ஏற்றுகிறவனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அன்று நெல் ஏற்றவில்லை. என் மனைவி பிச்சையம்மாளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. மருந்து சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில்தான் உண்டு. அவளைப் பின்னால் படுக்கவைத்து, ஐந்து வயது மகள் பிரேமாவை என் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

என் தலைக்குப் பின்னால் இருந்த பலகையில்தான் எங்கள் பேச்சு. பிச்சையம்மாள் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம்.

பிரேக்கை முந்தின வாரம் நானே பழுது பார்த்திருந்தேன். பிரேக் எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை; தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். சிலிண்டருக்கு வாஷர் இல்லை. தோட்டத்தில் வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட் குவிந்து கிடந்தது, அதில் வெட்டிப் போட்டேன். லண்டனில் படித்த எஞ்சினியரைப்போல நான்கு நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

மூன்றாவது மைலில் லோரி நகர மறுத்தது. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. சக்கரங்களிலிருந்து எண்ணெய் தீயும் வாடை.

"அப்பா, யாரோ வடை சுடுறாங்க," என்றாள் பிரேமா.

இறங்கி ஸ்பிரிங்கைப் பார்த்தேன். பிரேக் கட்டைகளைத் தளர்த்தினேன். என் கைவேலையை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் சக்கரத்தின் பின்னால் காற்று வெளியேற்றும் திருகைத் திறந்தேன். எண்ணெய் பீறிட்டது, சக்கரம் விட்டுக்கொடுத்தது. அப்போதுதான் புரிந்தது. ரப்பர் என் தேங்காய் எண்ணெயைக் குடித்து உப்பி, எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துவிட்டிருந்தது.

"பிச்சை, போலாமா?"

சத்தமில்லை.

பிறகு, இரண்டு தட்டு.

இரண்டு மைலுக்கு ஒருமுறை நிறுத்தித் திருகைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு, முன்னதைவிடப் பலமாக. காய்ச்சல் இறங்குகிறது என்று மகளிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அந்தோணிதாஸ் சாக்குத் திரையை விலக்கி உள்ளே ஏறினார். நெடுநேரம் இறங்கவில்லை.

"அண்ணே," என்றார் மெதுவாக. "ஒடம்பு வெறச்சுப் போச்சு. நாலு மணி நேரம் இருக்கும்."

இல்லை, இப்போது வாசலுக்குத் திரும்பும்போதுகூடத் தட்டினாள் என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நாலு மணி நேரத்துக்கு முன் நான் ஸ்பிரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். தூங்கிக்கொண்டிருந்த பிரேமாவை லோரியிலேயே விட்டு, அந்தோணிதாஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனேன். திரும்பியபோது அவள் லோரியின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள்.

நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னல். இறுக்கமாக, ஒரு முடிகூடப் பிசகாமல்.

எனக்கு மூட்டையைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது. அந்தோணிதாஸிடம் கேட்டேன். யாரும் லோரிப் பக்கம் போகவில்லை என்றார்.

மகளின் பக்கத்தில் உட்காரப் போனேன்.

அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்க இல்லப்பா. இந்தப் பக்கம் உக்காரு."